பிகாரோவுக்குக் கோவையில் கிடைத்த பெயர்

கோயமுத்தூர் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் என் கழுத்தில் மாலை விழவில்லை; கையில் ஒரு பாட்டில் தண்ணீர் வந்தது. "மொதல்ல இதைக் குடிங்க, அப்புறம் பேசலாம்" என்றார் சுகுணா. பீளமேட்டில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். அந்த மூன்று நாளும் அவர் வீட்டில்தான் எனக்குத் தங்கல். குடித்தேன். தண்ணீருக்கு ருசி உண்டு என்று பேசுகிறவர்கள் எங்கள் ஈப்போக்காரர்கள் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் தவுகே என்கிற பயற்று முளை கொழுகொழுவென்று வளர்வதற்கும் குவேத்தியாவ் என்கிற அரிசி நூடுல்ஸ் வழுவழுப்பாக இருப்பதற்கும் தண்ணீர்தான் காரணம் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். இங்கேயும் அதே பெருமைதான். "சிறுவாணிங்க" என்றார் சுகுணாவின் கணவர் வரதராஜ், தானே மலையில் ஏறி மொண்டு வந்தவர் மாதிரி.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த பயணம் இது. விசா, டிக்கெட், இடையில் மாறிய விமானம் இதெல்லாம் யாருக்கும் சுவைப்படாது, விட்டுவிடுகிறேன். போன காரியத்தைச் சொல்கிறேன்.

நான் மலேசியாவில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறவள். ஸ்பெயினில் சில நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு சின்ன நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்திருந்தேன். நாயகன் ராஜகுமாரன் இல்லை, வீரன் இல்லை. பசியோடு பிறந்த ஏழைப் பையன். ஒரு எசமானிடமிருந்து இன்னொரு எசமானிடம் போகிறான், சின்னச் சின்னப் பொய், சின்னச் சின்னத் திருட்டு, அடி வாங்குகிறான், ஓடுகிறான், எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொல்கிறான். அவனுடைய எசமான்களாக வருகிற பெரிய மனிதர்களின் யோக்கியதையும் அந்தச் சாக்கில் வெளியே வந்துவிடுகிறது. இந்த மாதிரி ஆளை ஸ்பெயின்காரர்கள் பிகாரோ என்றார்கள். அவன் கதைக்கு ஆங்கிலத்தில் பிகாரெஸ்க் என்று பெயர் வந்தது.

கோயமுத்தூரில் சுகுணாவும் வேறு சில ஆசிரியர்களும் சேர்ந்து இலக்கியக் கலைச்சொல் அகராதி ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பிகாரெஸ்க்குக்குத் தமிழில் என்ன போடுவது என்று முடிவு செய்யும் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கடல் தாண்டி ஒரு தமிழச்சியைச் சொல் கேட்டு அழைக்கிறார்களே என்று எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. 'எத்தன் கதை' என்ற சொல்லோடும் அதற்கு ஆதரவாக எழுதிய கட்டுரையோடும் போயிருந்தேன். என் மொழிபெயர்ப்பின் முகப்பிலும் அந்தச் சொல்தான் அச்சாவதாக இருந்தது.

மதியம் சுகுணா அரிசியும் பருப்பும் போட்டார். அரிசியையும் துவரம் பருப்பையும் ஒன்றாக வேகவைத்து, பூண்டும் சின்ன வெங்காயமும் தாளித்து, சுடச்சுட இலையில் வைத்து நடுவில் குழி செய்து நெய் ஊற்றுகிறார்கள். பார்த்தால் காய்ச்சல்காரர்களுக்குப் போடுவது போலத் தெரிகிறது. மூன்றாவது தரம் கேட்டு வாங்கினேன். "இன்னுங் கொஞ்சம் வெச்சுக்கோங்க, இதுல என்னங்க இருக்குது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே போட்டார். எங்கள் ஊரில் சாப்பிடச் சொல்லும்போது கட்டளை மாதிரி இருக்கும். இங்கே ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு 'ங்க' தொங்குவதால் மறுப்பதற்கே கூச்சமாக இருக்கிறது.

அந்த வீட்டில் வெளியாரோடு தமிழ், தங்களுக்குள் தெலுங்கு. எனக்குத் தெலுங்கு புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பேராக் மாநிலத்தில் பாகான் டத்தோ பக்கத் தென்னந்தோட்டத்தில் வளர்ந்தவள் நான். எங்களுக்கு இரண்டு பக்கத்து வீடும் தெலுங்கு வீடு. முதல் நாளே அதைச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் அவர்கள் என்னைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"பாவம், இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். அகராதிக் குழுத் தலைவர் போக்கிரிப் புதினம் என்று ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டாராமே" என்றார் வரதராஜ்.

"சும்மா இருங்கள். அவரிடம் யார் போய்ச் சொல்வது? கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள். இந்த அம்மா சொல்வதைக் கேட்டுவிட்டு நன்றி சொல்லி அனுப்புவார்கள்" என்றார் சுகுணா.

ரசத்தைக் குடித்துக்கொண்டே கேட்டேன். புரைக்கேறாமல் பார்த்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும், தலைவர் வீடு எங்கே இருக்கிறது என்று தமிழில் அப்பாவியாகக் கேட்டேன். காரமடையில், கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தோட்டத்து வீடு என்றார் சுகுணா. மறுநாள் அவருக்கு வகுப்பு இருந்தது. தனியாகப் போய் வருகிறேன் என்றேன். கூட்டத்துக்கு முன்னால் அந்த மனிதரை நேரில் பார்த்துப் பேசிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்பது என் கணக்கு.

மறுநாள் காலை காந்திபுரத்தில் மேட்டுப்பாளையம் போகிற தனியார் பஸ் ஒன்றில் ஏறினேன். ஏறினேன் என்பதைவிட ஏற்றப்பட்டேன் என்பது சரி. ஸ்பீக்கர் பாட்டில் காது கிழிந்தது. எங்கள் ஈப்போ பஸ்ஸில் ஓட்டுநர் சிடுசிடுவென்று இருப்பார், வண்டி மெதுவாகப் போகும். இங்கே ஓட்டுநர் சிரித்த முகம், வண்டி பறக்கிறது. உட்கார இடமில்லை. உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, கேட்காமலேயே என் பையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "குடுங்க கண்ணு, நின்னுட்டு எப்படிப் பிடிப்பீங்க?" முன்பின் தெரியாதவரின் பையைச் சுமப்பது இங்கே வழக்கமாம். எங்கள் ஊரில் யாராவது இப்படிச் செய்தால் போலீசைக் கூப்பிடுவோம். எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

நெகிழ்ந்த மனசு துடியலூர் வரைக்கும்தான் நிலைத்தது. அங்கே படியருகில் நின்றவர்கள் இறங்கி வழிவிட்டால்தான் உள்ளே இருப்பவர்கள் இறங்க முடியும் என்ற நிலை. "சித்தெ இறங்கி ஏறிக்கோங்க" என்று நடத்துநர் சொல்ல, இறங்கினேன். இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். ஏறுகிறவர்கள் என்னைத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். விசில் கேட்டது. பஸ் போய்விட்டது. என் கட்டுரை, சொற்குறிப்புகள், பாஸ்போர்ட் எல்லாம் அந்தப் பெண்மணியின் மடியில் மேட்டுப்பாளையம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

"ஏனுங்க அம்மணி, பை போயிருச்சுங்களா?"

திரும்பினேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மடித்துக் கட்டிய வேட்டி, இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஒரு ஒயர்கூடை. பெயர் மரியதாஸ் என்று பிறகு தெரிந்தது. தலையாட்டினேன். வேறு எதுவும் கேட்கவில்லை அவர். அடுத்த பஸ் வந்ததும் அதன் முன்னாலேயே போய்க் கையை விரித்து நின்றார். எனக்குப் படியில் ஏற உதவிவிட்டு, ஓட்டுநரிடம் உரத்த குரலில் சொன்னார்:

"அண்ணா, இவங்க சிங்கப்பூர் டாக்டரு. மேட்டுப்பாளையத்துல ஆப்பரேசன். மருந்துப் பை முன்னால போற வண்டில போயிருச்சுங்க. அந்த வண்டியப் புடிச்சுப்போட்டீங்கன்னா ஒரு உசுரு பொழைக்கும்."

அந்த இரண்டு பஸ்ஸும் ஜென்ம எதிரிகள் போலிருக்கிறது. முன்னால் போகிற வண்டியை முந்துவதற்கு ஒரு நியாயமான காரணம் கிடைத்ததில் ஓட்டுநருக்கு முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணை மூடிக்கொண்டுதான் அனுபவித்தேன். பயணிகள் இறங்க வேண்டிய நிறுத்தங்களைக்கூட விட்டுக்கொடுத்தார்கள். "பரவாயில்லீங்க, திரும்பி நடந்துக்கறனுங்க" என்று ஒரு பெரியவர் சொன்னது காதில் விழுந்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. 'நான் சிங்கப்பூரும் இல்லை, அந்த டாக்டரும் இல்லை' என்று மரியதாஸிடம் முணுமுணுத்தேன். "பை வரட்டுமுங்க, அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பிடித்துவிட்டோம். பை பத்திரமாக இருந்தது. வைத்திருந்த பெண்மணி இறங்கும்போது நடத்துநரிடம் ஒப்படைத்துப் போயிருந்தார். நடத்துநர் பொறுப்பானவர்.

"உள்ள என்னங்க இருக்குது? சொல்லிட்டு வாங்கிக்கோங்க."

"காகிதம்" என்றேன், உண்மையாக.

பின்னால் வந்த பஸ் முழுவதும் சன்னல் வழியே என்னைப் பார்த்தது. மருந்து என்றல்லவா சொல்லி வண்டியை விரட்டினோம்? மரியதாஸ் கண் இமைக்கவில்லை. "மருந்துச் சீட்டுங்க. இன்ன மருந்து, இன்ன அளவுன்னு எழுதுனது. அது இல்லாம மருந்து எங்கிங்க வாங்கறது?" என்றார். நடத்துநர் கட்டுரையைப் புரட்டினார். என் கையெழுத்து அப்படி. "டாக்டரு எழுத்துத்தானுங்க" என்று நம்பிக் கொடுத்துவிட்டார்.

பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விரட்டி வந்த வண்டியிலேயே மறுபடி ஏறி உட்கார்ந்தேன். மரியதாஸும் ஏறினார். கதை இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். முன் இருக்கையில் இருந்த ஒரு தாய் திரும்பி, தன் தோளில் கிடந்த பெண் குழந்தையை எனக்குக் காட்டினார். நாலைந்து வயது இருக்கும். கண் செருகிக் கிடந்தது.

"டாக்டரம்மா, புள்ளைக்குக் காச்சல் விட்டபாடில்லீங்க. வாந்தி வேற. தண்ணி குடுத்தாலும் நிக்கறதில்லீங்க. காரமடைக் கோயிலுக்கு வேண்டிக்கிட்டுப் போறோமுங்க. நீங்க சித்தெ பாருங்க."

விளையாட்டு வினையானது என்பது அப்போதுதான் உறைத்தது. "அம்மா, நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. பாடம் நடத்துகிற டாக்டர். இவர் பொய் சொல்லிவிட்டார்" என்றேன். அந்தத் தாய் கொஞ்சமும் அசையவில்லை.

"எந்த டாக்டரானாலும் படிச்சவங்கதானுங்களே. சொல்லுங்க."

குழந்தையின் நாக்கைப் பார்த்தேன். வறண்டு கிடந்தது. எங்கள் தோட்டத்தில் இப்படிக் கிடந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று திரும்பி எழவில்லை. "இந்த பஸ் மேட்டுப்பாளையம் போகிறது. இறங்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இன்றைக்கே, இப்போதே" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"வேண்டுதல முடிச்சுப்போட்டு..." என்று இழுத்தார் அவர். கணவர் வேலைக்குப் போயிருக்கிறார், ஆஸ்பத்திரியில் எங்கே போய் யாரைக் கேட்பது என்று தெரியாது என்பதுதான் அவருடைய உண்மையான பயம் என்று பேச்சில் தெரிந்தது. மரியதாஸ் எழுந்து நின்றார்.

"நா கூட்டிட்டுப் போறனுங்க. அங்க எனக்கு ஆளு தெரியும். சாமி எங்கியும் போயிராது, நாளைக்கும் அங்கியேதான் இருக்கும். வாங்க."

காரமடையில் நான் இறங்கினேன். அவர்கள் போனார்கள். 'ஆளு தெரியும்' என்பது மெய்யா பொய்யா என்று எனக்குத் தெரியாது.

தலைவர் வீட்டில் தலைவர் இல்லை. காலையிலேயே கோயமுத்தூருக்குப் புறப்பட்டுப் போய்விட்டாராம். அவருடைய மனைவி மோர் கொடுத்து, உட்காரச் சொல்லி, வாழைத்தாரில் ஒரு சீப்பு வெட்டிக் கையில் கொடுத்தார். வந்த காரியம் மட்டும் நடக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றேன். வெயில் ஏறியிருந்தது. கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்ற பிறகு, மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த ஒரு பஸ்ஸின் சன்னலிலிருந்து, "ஏனுங்க அம்மணி! ஏறுங்க, ஏறுங்க!" என்று குரல் கேட்டது. மரியதாஸ் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தார்.

"புள்ளையப் படுக்கையில சேத்துட்டாங்க. குளுக்கோசு ஏத்தறாங்க. நா அந்தம்மாவோட கூடப்பொறந்தவன்னு சொல்லிச் சேத்துட்டனுங்க" என்றார். அங்கே அவருக்கு யாரையும் தெரியாது என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

திரும்பும் வழியில் அவர் கதையைக் கேட்டேன். கேட்டதுதான் தாமதம், கொட்டினார். அவருடைய தகப்பனாரும் தாயாரும் அன்னூர்ப் பக்கம் ஒரு கவுண்டர் தோட்டத்தில் பண்ணை வேலை பார்த்தவர்கள். இவருக்கு மண்வெட்டி பிடிக்கவில்லை.

"மொதல்ல பங்குச் சாமியார் ஊட்டுல சமையக்கட்டுல எடுபிடிங்க. அங்க வயிறு நெறஞ்சுது, ஆனா கோழி ஒண்ணு கொறஞ்சுது, அனுப்பிச்சுட்டாங்க. அப்புறம் மில்லு கேன்டீனு. அப்புறம் லாரில கிளீனரு, வடக்க நாக்பூரு வரைக்கும் போனனுங்க. வந்து ஒரு ஜோசியருகிட்டச் சேந்தேன். எனக்கு என்ன வேலைன்னு நெனைக்கறீங்க? அவரு போறதுக்கு முந்தின நாளு நா அந்த ஊருக்குப் போயி, டீக்கடைல ஒக்காந்து, யாரு ஊட்டுல என்ன சங்கடம்னு கேட்டுட்டு வந்து சொல்லோணும். மறுநாள் அவரு மொகத்தப் பாத்தே எல்லாஞ் சொல்லிப்போடுவாருங்க. சனம் அப்படியே கால்ல உளுகும்!"

"அது பாவமில்லையா?"

"பாவந்தானுங்க. ஆனா யாரு ஊட்டுலயாவது புள்ள பட்டினின்னு காதுல உளுந்துச்சுன்னா, அவங்ககிட்ட தட்சணை வாங்காதீங்க, உங்க ஜாதகத்துக்கு ஆகாதுன்னு சொல்லிப்போடுவேன். ஜோசியரும் நம்புவாருங்க, அவருக்கும் பயம்!"

இப்போது என்ன வேலை என்று கேட்டேன். ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு வண்டி, ரூம், வழி எல்லாம் ஏற்பாடு செய்து தருகிறாராம். நான் அவரிடம் ஸ்பெயின் கதையைச் சொன்னேன். அந்தச் சொல் அங்கே பழைய காலத்தில் சமையற்கட்டு எடுபிடியையும் சந்தையில் கூடை சுமக்கிறவனையும் குறித்தது என்றேன்.

"என்ன பேருன்னீங்க?"

"பிகாரோ."

"ஓ, பீகார் ஆளுங்களா! லாரில எங்கூட ஒருத்தன் இருந்தானுங்க, நல்ல பையன்" என்றார் மரியதாஸ்.

சாயங்காலம் சுகுணா வீட்டில் தேங்காய்ப் பன்னும் காப்பியும் வைத்துக்கொண்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். சுகுணா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரதராஜ் மரியதாஸைப் பற்றி மனைவியிடம் தெலுங்கில் ஒரு வார்த்தை சொன்னார். தெலுங்கில் பதுகு என்றால் வாழ்வு, ஜீவனம். அந்தச் சொல்லை வைத்துத்தான் சொன்னார். நான் வழக்கம்போல மனசுக்குள் தமிழாக்கினேன்:

"பிழைக்கத் தெரிந்தவன்."

கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். தெலுங்கில் சாதாரணமாகச் சொன்ன ஒன்று தமிழுக்கு வந்ததும் வேறாக ஆகிவிட்டது. பிழைக்கத் தெரிந்தவன். எத்தனை தடவை இதைச் சொல்லியிருக்கிறோம்! சொல்லும்போது பாதி மெச்சுகிறோம், பாதி முகம் சுளிக்கிறோம். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற சொல்லைத்தானே நான் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தேன்? அதோடு நிற்கவில்லை. பிழைத்தல் என்றால் உயிர் வாழ்தல். பிழைத்தல் என்றால் தப்பித்தல். பிழைத்தல் என்றால் தவறு செய்தல். குறி தவறினாலும் பிழைத்தது என்கிறோம், சாகக் கிடந்தவர் எழுந்தாலும் பிழைத்தார் என்கிறோம். அந்த ஸ்பெயின் பையன் என்ன செய்தான்? தவறு செய்தான், தப்பித்தான், உயிர் வாழ்ந்தான். அவனுக்கென்றே தமிழ் ஒரே வினைச்சொல்லைச் செய்து வைத்திருக்கிறது.

சந்தோஷத்தில் எனக்கு நிதானம் போய்விட்டது. வரதராஜைப் பார்த்து, "நீங்கள் சொன்னது எவ்வளவு பெரிய சொல் தெரியுமா!" என்று தெலுங்கிலேயே கத்திவிட்டேன்.

புருஷனும் மனைவியும் நேற்று மதியத்திலிருந்து தெலுங்கில் என்னென்ன பேசினோம் என்று நினைவில் ஓட்டிப்பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு சுகுணா வாய்விட்டுச் சிரித்தார். "நீங்களும் பிழைக்கத் தெரிஞ்ச ஆள்தான் போங்க!" அன்று ராத்திரி எனக்குச் சந்தகையும் தேங்காய்ப் பாலும் கிடைத்தன. இடியாப்பத்தின் தங்கை அது, அக்காவைவிட அழகு.

மூன்றாம் நாள் காலை கல்லூரி வாசலில் மரியதாஸ் நின்றிருந்தார். நான் வரச் சொல்லவில்லை; சுகுணாவின் கல்லூரியில்தான் கூட்டம் என்று பஸ்ஸில் சொன்னதோடு சரி. விடியற்காலையிலேயே மேட்டுப்பாளையம் போய்விட்டு வருகிறாராம். "புள்ள பொழச்சுக்கிச்சுங்க அம்மணி! கண்ணு முழிச்சுக் கஞ்சி கேட்டுச்சாமா. இன்னும் ஒரு நாள் உட்டிருந்தா கஷ்டமுன்னு சொன்னாங்களாமா." உள்ளே வந்து உட்காரும்படி அவரை அழைத்தேன். "வேண்டாமுங்க, நமக்கு அங்க என்ன வேலை" என்று வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டார்.

கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தலைவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெடிய உருவம். வீட்டுக்கு வந்து திரும்பியதைக் கேள்விப்பட்டு முதலில் என்னிடம் வருத்தம் சொன்னார். பிறகு, "பிகாரெஸ்க்குக்குப் போக்கிரிப் புதினம் என்று நினைத்திருக்கிறோம். நீங்கள் எத்தன் கதை என்று எழுதியிருந்தீர்கள். சொல்லுங்கள்" என்றார். நன்றி சொல்லி அனுப்பத் தயாரான குரல் அது.

"எத்தன் கதையை நானே விட்டுவிட்டேன்" என்றேன். எல்லாரும் நிமிர்ந்தார்கள். "எத்தனுக்கு ஏமாற்றுவதுதான் தொழில். பிகாரோவுக்குப் பசிதான் தொழில். போக்கிரியும் பொருந்தாது. போக்கிரி ஊரை மிரட்டுகிறவன். பிகாரோ ஊருக்கு மிரண்டு ஓடுகிறவன்."

அந்த ஸ்பானியச் சொல்லின் பிறப்பைச் சொன்னேன். கொத்துவது, நறுக்குவது என்ற பொருளுள்ள ஒரு வினையிலிருந்து வந்தது என்கிறார்கள் சிலர். சமையற்கட்டோடு அது ஒத்துப்போகிறது. பிரான்சின் வடபகுதியான பிக்கார்டியிலிருந்து வந்த ஏழைச் சிப்பாய்களின் பெயர் மருவியது என்கிறார்கள் வேறு சிலர். எது சரி என்று அங்கே இன்னும் முடிவாகவில்லை. "அவர்கள் சொல்லுக்கு வேர் எங்கே என்று அவர்களுக்கே தெரியவில்லை. நமக்கு ஒரு சொல் இருக்கிறது. வேர் வெளியே தெரிகிற சொல்" என்றேன். பிழைக்கத் தெரிந்தவன் கதை என்று சொல்லி, பிழைத்தலின் பொருள்களை ஒவ்வொன்றாக வைத்தேன்.

"அகராதித் தலைப்பில் பிழை என்று வந்தால் அச்சுப் பிழை என்று நினைத்துவிடுவார்கள்" என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது. தலைவர் சிரிக்கவில்லை.

"ஒரு கேள்வி. பிழைக்கத் தெரிந்தவன் என்பதில் பாராட்டு இருக்கிறது. பொய் சொல்லித் திரிகிறவனுக்கு இலக்கிய அகராதி பாராட்டுக் கொடுக்கலாமா?"

அதற்குக் கட்டுரையில் பதில் இல்லை. முந்தின நாள் நடந்ததைச் சொன்னேன். பஸ்ஸை விரட்டிய பொய்யைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யைச் சொன்னேன். குழந்தை கஞ்சி கேட்டதைச் சொன்னேன். "அந்தப் பொய் தவறுதான், அய்யா. அந்தத் தவறால் ஒரு குழந்தை பிழைத்திருக்கிறது. இப்போது நான் பிழைத்தது என்று சொன்னதில் எதைப் பாராட்டு என்று எடுத்து, எதைப் பழி என்று விடுவீர்கள்? நம் மொழி இரண்டையும் பிரிக்கவில்லை. அந்த நாவலை எழுதிய ஸ்பெயின்காரர் பிரிக்காததால்தான் அது இலக்கியம் ஆனது."

சுகுணா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். தலைவரிடம் யார் போய்ச் சொல்வது என்று கேட்ட அதே சுகுணா. "அய்யா, எனக்கு இவங்க சொல்றதுதான் சரின்னு படுதுங்க" என்றார். குரல் நடுங்கினாலும் உட்காரவில்லை. அவரைப் பார்த்து இன்னொருவர் கை தூக்கினார். அப்புறம் ஒருவர்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "பொருள் சரி. தலைப்புச் சொல்லுக்கு நீளம் அதிகம். மூன்று சொல் ஆகாது" என்றார். அவர் தொடர்ந்தார்: "பிழைப்புக் கதை. எப்படி இருக்கிறது?"

பிழைப்புக் கதை. நான் விட்ட இடத்திலிருந்து அவர் செதுக்கி முடித்துவிட்டார். 'நினைத்திருக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், தான் கொண்டுவந்த சொல்லைத் தன் கையாலேயே அடித்துவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். "சொன்னவர் நீங்கள். நீங்களே எழுதுங்கள்." எங்கோ பேராக்கில் ஒரு தென்னந்தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகிய விரல்கள் இவை. கோயமுத்தூரில், ஒரு தமிழ் அகராதிக்குரிய தாளில், அந்தச் சொல்லை எழுதின. அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு வேண்டியதில்லை.

வெளியே வந்து மரியதாஸிடம் விஷயத்தைச் சொன்னேன். உங்களைப் போன்றவர்களின் கதைக்கு இனிமேல் தமிழில் இதுதான் பெயர் என்றேன். வருத்தப்படுவாரோ என்று உள்ளூரப் பயம். அவர் யோசித்தார்.

"பொழப்புக் கதைங்களா? நல்லாத்தானுங்க இருக்குது. அந்த ஸ்பெயின் பையன் கடைசியில என்னங்க ஆனான்?"

"இந்தக் கதைகளுக்குக் கடைசி சரியாக வராது. அவனே சொல்கிற கதை இல்லையா? சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றால் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்றுதானே அர்த்தம்."

"அது போதுமுங்க" என்றார்.

மறுநாள் விமான நிலையத்துக்கு அவரும் வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். காசு கொடுத்தால் வாங்கமாட்டேன் என்றார். சுகுணா போளி மாதிரிச் செய்து கட்டிக்கொடுத்த ஒப்பிட்டுப் பொட்டலத்தில் பாதியைக் கொடுத்தேன், அதை மட்டும் வாங்கிக்கொண்டார். வடக்கேயிருந்து வந்த விமானம் இறங்கியிருந்தது. ஒரு பெரிய குடும்பம் ஊட்டிக் குளிருக்கு இங்கேயே கம்பளியெல்லாம் சுற்றிக்கொண்டு, பெட்டிகளின் நடுவே திகைத்து நின்றது. மரியதாஸ் என்னைப் பார்த்தார்.

"போய்ட்டு வாங்க அம்மணி. நா வாரேனுங்க."

ஒப்பிட்டை ஒயர்கூடையில் வைத்தார். வேட்டியை இறக்கிவிட்டு, சட்டையை நீவிக்கொண்டு, அந்தக் குடும்பத்தை நோக்கி நடந்தார். அவர்களில் மூத்தவரிடம் கைகூப்பி ஏதோ சொன்னார். லாரியில் கற்ற இந்தி. எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் அந்தப் பெரியவரின் முகத்திலிருந்த கலக்கம் வடிந்து போனது நன்றாகத் தெரிந்தது. மரியதாஸ் எல்லாவற்றிலும் கனமான பெட்டியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.